ஜாலி பாய் தீவின் கெடுபிடி அப்படியே இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சில வாரங்களுக்கு முன் உங்கள் ஞாயிறு இணைப்பில் அந்தமான் பயணம் பற்றி ஒரு கட்டுரை வந்தது. நன்றாகவே எழுதியிருந்தார்கள், செல்லுலார் சிறை பற்றிய பகுதியை வீட்டில் சத்தமாக வாசித்துக் காட்டினேன். ஆனால் ஜாலி பாய் தீவுக்கு வந்ததும் நாலே வரியில் முடித்துவிட்டார்கள். அங்கே கெடுபிடி ஜாஸ்தி, பையைத் திறந்து பார்க்கிறார்கள், பிஸ்கட் பாக்கெட்டைக்கூட விடுவதில்லை, வருஷத்தில் பாதி நாள் மூடிவிடுகிறார்கள், பவளப் பாறையும் போட்டோவில் பார்ப்பது போல் கலராக இல்லை, நாள் குறைவாக இருந்தால் விட்டுவிடலாம் என்று. படித்ததும் மனசு கேட்கவில்லை. போன பிப்ரவரியில்தான் நான் குடும்பத்தோடு அந்தத் தீவுக்குப் போய் வந்தேன். கட்டுரையாளர் குறையாகச் சொன்ன அத்தனையும் அங்கே எதற்காக இருக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், இடம் கொடுங்கள்.

நான் தூத்துக்குடிக்காரன். எங்கள் பழைய வீட்டின் பின்பக்கச் சுவர் பவளக் கல்லில் கட்டியது. எங்கள் பக்கம் அந்தக் காலத்தில் அதைப் பவளம் என்று யாரும் சொன்னதில்லை, வெறும் கல்தான். கடலுக்கடியில் அது இருக்கும் இடத்துக்குப் பார் என்று பெயர். மீன் எங்கே கிடைத்தது, பாரில் கிடைத்தது. வலை எங்கே கிழிந்தது, பாரில் கிழிந்தது. என் தாத்தா காலத்தில் வள்ளத்தில் போய், நீர் வற்றும் நேரம் பார்த்து, கடப்பாரையால் நெம்பிக் கல் எடுத்து வருவார்கள். கொஞ்சம் வீடு கட்ட, மிச்சம் சுண்ணாம்புக் காளவாசலுக்கு. அப்புறம் தொழிற்சாலைகளுக்கும் போக ஆரம்பித்தது. கடலில் கிடக்கிற கல்தானே, அதில் தப்பு இருக்கிறது என்று யாருக்கும் தோன்றவில்லை. பூச்சு உதிர்ந்த இடத்தில் அந்தச் சுவரில் சின்னச் சின்ன நட்சத்திரங்கள் தெரியும். ஒவ்வொன்றும் மிளகு அளவுக்குக்கூட இராது, நடுவில் ஒரு குழி, குழியைச் சுற்றி மெல்லிய கீற்றுகள். மழை நாளில் பள்ளிக்கூடம் இல்லாதபோது அந்தச் சுவரோரம் உட்கார்ந்து விரலால் தடவிக்கொண்டே இருப்பேன். யாரோ அச்சு வைத்துப் பதித்தது என்றுதான் நினைத்திருந்தேன். ஒவ்வொரு குழியிலும் ஒரு உயிர் குடியிருந்தது என்று தெரிந்தது கல்லூரியில் விலங்கியல் படித்தபோது. அதை உயிரோடு, பக்கத்தில், என் கண்ணால் பார்த்தது அறுபது வயதுக்கு மேல், ஜாலி பாயில்தான்.

தீவுக்குப் படகு ஏற வண்டூர் போக வேண்டும், போர்ட் பிளேரில் இருந்து சுமார் 30 கிலோமீட்டர். (2024-இல் ஊர்ப் பெயரை ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றிவிட்டார்கள், ஆனால் நாங்கள் பேசிய தமிழர்கள் எல்லாரும் போர்ட் பிளேர் என்றே சொன்னார்கள்.) முந்தின நாளே ஊருக்குள் அடையாள அட்டையைக் காட்டி அனுமதிச் சீட்டு வாங்கிவிட வேண்டும், ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று கணக்கு உண்டு. காலையில் சீக்கிரமே கிளம்பினோம். கார் ஓட்டிய தம்பியின் அப்பா, அம்மா ராமநாதபுரம் பக்கம், ஆனால் இவர் பிறந்து வளர்ந்தது எல்லாம் அங்கேதான். மெயின்லேண்டுக்கு ரெண்டே தடவைதான் சார் போயிருக்கேன் என்றார். 2011 கணக்கெடுப்பின்படி அந்தத் தீவுகளில் நூற்றுக்கு 15 பேருக்குத் தாய்மொழி தமிழ். இந்தக் கணக்கை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கிறது. சிப்பிகாட் பக்கம் வந்தபோது அவர் வண்டியை மெதுவாக ஓட்டிக் காட்டினார், ஒரு காலத்தில் நெல் விளைந்த இடத்தில் கடல் தண்ணீர் நின்றது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குக் காரணமான அந்த நிலநடுக்கத்தில் தெற்கு அந்தமானின் தரையே ஏறக்குறைய ஒரு மீட்டர் கீழே இறங்கிவிட்டது, வடக்கே சில இடங்களில் மேலே தூக்கிவிட்டது. தூக்கிய பக்கம் தண்ணீருக்கு வெளியே வந்த பவளம் வெயிலில் காய்ந்தே செத்தது. வண்டூர் கரையில் இன்னும் பட்ட மரங்கள் வெள்ளை வெளேரென்று நிற்கின்றன.

சரி, அந்தப் பை சோதனைக்கு வருகிறேன். படகுத்துறையில் எல்லார் பையையும் திறந்துதான் பார்க்கிறார்கள். எங்களுக்கு ஓட்டுநர் தம்பி முந்தின நாளே சொல்லிவிட்டதால் மெஸ்ஸில் புளிச்சாதமும் துவையலும் எவர்சில்வர் டப்பாவில் வாங்கிக்கொண்டோம், தண்ணீருக்கும் எவர்சில்வர் பாட்டில்தான். எங்களுக்குப் பின்னால் நின்ற குடும்பத்துக்கு யாரும் சொல்லவில்லை. தமிழ்நாட்டிலிருந்து பேக்கேஜில் வந்தவர்கள், சிப்ஸ், கேக், சின்னப் பிள்ளைக்கான சாமான் எல்லாம் பிளாஸ்டிக் கவரில். அந்த அம்மாவுக்கு அழுகையே வந்துவிட்டது, பிள்ளைக்குப் பசிக்குமே என்று. எங்கள் டப்பாவில் ஒன்றைக் காலி செய்து கொடுத்தோம். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. தலைக்கு இவ்வளவு என்று பணம் வாங்கிக்கொண்டு கூட்டி வந்தவர்கள் ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்பியிருந்தால் அந்த அம்மா அழுதிருக்க வேண்டாம். ஆனால் அந்தச் சோதனையைத் தளர்த்த வேண்டும் என்று மட்டும் சொல்ல மாட்டேன். 2018-இல் வெளியான ஓர் ஆய்வில் ஆசிய பசிபிக் கடல்களில் 159 பவளத் திட்டுகளைப் பார்த்திருக்கிறார்கள். பிளாஸ்டிக் படாத பவளத்துக்கு நோய் வரும் வாய்ப்பு 4 சதவீதம், பிளாஸ்டிக் போய் மேலே படிந்துவிட்டால் 89 சதவீதம். வெளிச்சமும் பிராணவாயுவும் போகாமல் மூடிக்கொள்கிறது, கூடவே உரசிப் புண்ணாக்கிக் கிருமியையும் ஏற்றிவிடுகிறது. கடற்கரையில் காற்று அடிக்கிற அடியில் ஒரு சிப்ஸ் கவர் கையை விட்டுப் போக எவ்வளவு நேரம் ஆகும்? ஜாலி பாயின் மணலில் அன்று முழுக்க நான் ஒரு கவரைக்கூடப் பார்க்கவில்லை. நம் ஊர்க் கடற்கரைகளை நினைத்துப் பாருங்கள்.

படகு வண்டூரை விட்டதும் முதலில் ஓடைக்குள் போவது போல இருக்கும், ரெண்டு பக்கமும் அலையாத்திக் காடு, சுரபுன்னையின் வேர்கள் வளைந்து வளைந்து தண்ணீருக்குள் கால் ஊன்றி நிற்கும். அப்புறம் தீவுகள் ஒன்றன்பின் ஒன்றாக விலகிக்கொண்டே வரும். இது முழுவதும் சேர்ந்துதான் மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்கா, 1983-இல் அறிவித்தது, 281 சதுர கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே, தார்முக்ளி, கிரப், ரெட் ஸ்கின், அலெக்சாண்ட்ரா என்று 15 தீவுகள். அதில் நாம் இறங்கி நடக்கக்கூடியது ஜாலி பாய், ரெட் ஸ்கின் ரெண்டு மட்டும், அதுவும் ஒரு சமயத்தில் ஒன்றுதான். மற்ற தீவுகளைப் படகிலிருந்து பார்த்துக்கொண்டே போகலாம், அவ்வளவுதான். எனக்கு அதுவே போதுமாக இருந்தது. காடு மலை உச்சியில் தொடங்கித் தண்ணீர் விளிம்பு வரைக்கும் இடைவெளியே இல்லாமல் இறங்கி வருகிறது, மண் தெரியவில்லை. குர்ஜன் மரங்கள் மற்ற மரங்களுக்கு மேலே தனியாகத் தலை நீட்டி நிற்கின்றன. கரையோரத்தில் சாய்ந்து நிற்கும் மரங்களின் கிளை கடலைத் தொடுகிறது, ஏற்றத்தில் இலை நனைகிறது.

இந்தக் காட்டைப் பற்றி நம்மவர்கள் யாரும் எழுதுவதில்லை, எல்லாரும் கடலுக்கடியில் பார்த்ததையே எழுதுகிறார்கள். ஆனால் இந்தக் காடு இல்லாவிட்டால் அந்தப் பவளம் இல்லை. அங்கே ஆண்டுக்கு மூவாயிரம் மில்லிமீட்டர் மழை, தென்மேற்கும் பெய்கிறது, வடகிழக்கும் பெய்கிறது. தூத்துக்குடிக்காரனான எனக்கு அந்தக் கணக்கே மலைப்பாக இருக்கிறது. அவ்வளவு மழையும் வெறும் சரிவில் விழுந்தால் என்ன ஆகும்? மண் கரைந்து செக்கச் செவேலென்று கடலில் இறங்கும். பவளத்துக்கு வெளிச்சம் வேண்டும், தெளிந்த தண்ணீர் வேண்டும். சேறு மேலே படிந்தால் மூச்சுத் திணறிச் சாகும். மேலே இலைகள் மழையின் வேகத்தைத் தாங்குகின்றன, கீழே பலகை வேரும் சருகும் மண்ணைப் பிடித்து வைக்கின்றன, அதையும் மீறி வரும் சேற்றை அலையாத்தி வேர்கள் வடிகட்டிவிடுகின்றன, கடைசியில் கடலுக்கு வருவது கண்ணாடி மாதிரித் தண்ணீர். பதிலுக்குப் பவளத் திட்டு அலையை முன்னாலேயே வாங்கி உடைத்துக் கரையைக் காப்பாற்றுகிறது. ஒரே பூங்காவுக்குள் காட்டையும் கடலையும் சேர்த்து எல்லை போட்டதன் அருமை அந்தப் படகில் உட்கார்ந்து பார்த்தால்தான் புரியும். தெற்கே கிரேட் நிக்கோபாரில் துறைமுகத் திட்டத்துக்காக ஏறக்குறைய 130 சதுர கிலோமீட்டர் காட்டை எடுக்க 2022-இல் ஒப்புதல் கொடுத்திருக்கிறார்கள். அது தனிக் கடிதமாக எழுத வேண்டிய விஷயம், ஆனால் அந்தக் காட்டுக்குக் கீழேயும் கடல் இருக்கிறது என்பதை மட்டும் இங்கே சொல்லி வைக்கிறேன்.

ஜாலி பாயில் படகுத்துறை கிடையாது. பெரிய படகு கொஞ்சம் தள்ளியே நின்றுவிடும், கண்ணாடிப் படகில் மாற்றி ஏற்றித்தான் கரைக்குக் கொண்டு போகிறார்கள். முதலில் வெறும் மணல், அப்புறம் திடீரென்று கண்ணாடிக்குக் கீழே ஒரு தோட்டம் ஓடத் தொடங்கியது. மான்கொம்பு போலக் கிளை விட்டது, மேசை போல விரிந்தது, மூளை போல மடிப்பு மடிப்பாக இருந்தது. எங்கள் படகில் ஒருவர் சலிப்போடு, என்னங்க எல்லாம் காப்பிக்கொட்டைக் கலராக இருக்கிறது என்றார். கட்டுரையாளரும் அதைத்தான் குறையாக எழுதியிருந்தார். ஐயா, அந்தக் காப்பிக்கொட்டைக் கலர்தான் நல்ல சேதி. பவள உயிரின் உடம்புக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது, அதன் நிறம்தான் அது. அந்தப் பாசி வெயிலில் சமைத்துக் கொடுப்பதைத்தான் பவளம் சாப்பிடுகிறது, அதன் சாப்பாட்டில் 90 சதவீதம் வரை அப்படித்தான் வருகிறது. கடல் சூடு வழக்கமான கோடை அளவைவிட ஒரு டிகிரி கூடி சில வாரம் நின்றால் போதும், பாசியைப் பவளம் வெளியே தள்ளிவிடும். அப்போதுதான் பளீரென்று வெள்ளையாக ஆகும், சில வகை அதற்கு முன்னால் ஊதாவும் நீலமுமாக மின்னும். போட்டோவுக்கு ரொம்ப அழகாக இருக்கும், பவளம் பட்டினியில் இருக்கும். இணையத்தில் பார்க்கிற அந்தப் பளபளப்பான படங்களில் பல இருட்டில் தனி விளக்கு வைத்தோ நிறத்தைக் கூட்டியோ எடுத்தவை. அதை எதிர்பார்த்துப் போய் உண்மையான பவளத்தைக் குறை சொல்லாதீர்கள்.

ஸ்நார்க்கெலிங்குக்கு நானும் இறங்கினேன். லைஃப் ஜாக்கெட், முகக் கண்ணாடி, வாயில் குழாய், கூடவே ஒரு தம்பி ரப்பர் வளையத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். தலையைத் தண்ணீருக்குள் வைத்ததும் முதலில் கேட்டது சத்தம்தான். நொறுக் நொறுக் என்று. கிளி மீன் பவளத்தைக் கொறிக்கிற சத்தம் அது. பாசிக்காகக் கொறிக்கிறது, கல்லை அரைத்து மணலாக வெளியே விடுகிறது, ஒரு பெரிய மீன் ஓர் ஆண்டில் மூட்டைக் கணக்கில் மணல் போடும். நாங்கள் மத்தியானம் உட்கார்ந்து புளிச்சாதம் சாப்பிட்ட அந்த வெள்ளை மணலில் பெரும்பகுதி அப்படி வந்ததுதான். வண்ணாத்தி மீன்கள் சோடி சோடியாகப் போயின. அப்புறம் ஒரு பெரிய உருண்டைப் பவளத்துக்குப் பக்கத்தில் அந்தத் தம்பி நிறுத்தினார். எதையும் தொடாமல் கையைக் கட்டிக்கொண்டு முகத்தை மட்டும் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தேன். சின்னச் சின்ன நட்சத்திரங்கள். நடுவில் குழி, சுற்றிக் கீற்று. எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கிற அதே நட்சத்திரம், அதே அளவு. ஆனால் இங்கே ஒவ்வொரு குழிக்குள்ளேயும் ஏதோ இருந்தது, ஈரமாக, மெத்தென்று, தண்ணீர் அசையும்போது லேசாக உள்ளே இழுத்துக்கொண்டது. கண்ணாடிக்குள் எனக்குக் கண் கலங்கிவிட்டது, துடைக்கவும் முடியவில்லை. அந்த வகை உருண்டைப் பவளம் ஓர் ஆண்டில் ஒரு சென்டிமீட்டர் அளவுக்குத்தான் வளரும். நான் பார்த்தது என் இடுப்பு உயரம் இருந்தது. என் தாத்தா வள்ளத்தில் கல் எடுக்கப் போன நாளில் அது அங்கே கொய்யாக்காய் அளவில் உட்கார்ந்திருக்கும்.

இப்போது நான் உண்மையில் எதற்காக இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேனோ அதைச் சொல்கிறேன். அந்த உருண்டையிலிருந்து பத்துப் பதினைந்து அடி தள்ளி ஒருவர் பவளத்தின் மேல் நின்றுகொண்டிருந்தார். முகக் கண்ணாடிக்குள் தண்ணீர் போய்விட்டது போல, பதறிப்போய் காலை ஊன்றிவிட்டார், காலுக்குக் கீழே மான்கொம்புப் பவளம். ரப்பர்ச் செருப்போடு நின்றதால் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை, கீழே கிளைகள் முறிந்து மணலில் கிடந்தன. கரைக்கு வந்ததும் அவரோடு பேசினேன். மதுரைக்காரர், என் வயதுதான், நல்ல மனிதர். அண்ணே, அது உயிருங்கிறதே எனக்குத் தெரியாதே, பாறைன்னுல்ல நெனச்சேன் என்றார். ரொம்ப வருத்தப்பட்டார். யாரும் சொல்லவில்லையா என்று கேட்டால், சொன்னாங்க, இந்தியில சொன்னாங்க, பாதிதான் புரிஞ்சது என்கிறார். உண்மைதான். நாங்கள் போன படகில் என்னென்ன செய்யக் கூடாது என்று நன்றாகவே சொன்னார்கள், பத்து நிமிஷம் சொன்னார்கள், ஆனால் இந்தியிலும் கொஞ்சம் ஆங்கிலத்திலும். அன்று அந்தப் படகில் ஏறக்குறைய பாதிப் பேர் தமிழ் பேசுகிறவர்கள். என்னை இழுத்துக்கொண்டு போன தம்பியும் தமிழ்தான்! முன்னால் சொன்ன கணக்கை இதற்காகத்தான் ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னேன். தமிழில் சொல்ல ஆளைத் தேடி எங்கும் போக வேண்டியதில்லை, படகிலேயே இருக்கிறார்கள்.

நம் மொழியிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. பவளப் பாறை, பவளப் பாறை என்று சொல்லிச் சொல்லி, பாறை என்றால் நிற்கலாம் என்று ஆகிவிட்டது. பத்திரிகையில் எழுதும்போதாவது முதல் வரியிலேயே அது உயிர் என்று சொல்லிவிட்டால் நல்லது. மான்கொம்பு வகை வேகமாக வளரும், ஆண்டுக்குப் பத்து சென்டிமீட்டர் வரைகூட வளரலாம், ஆனால் ஒருவர் நின்ற இடத்தில் அடுத்த நாள் இன்னொருவர் நின்றால் அது எப்போது வளர்வது?

கடல் சூடேறிப் பவளம் வெளுத்துச் சாகும்போது ஒரு ஆள் கால் வைப்பதைப் பெரிதாகச் சொல்கிறீர்களே என்று சிலர் கேட்கலாம், என் மகனே கேட்டான். அந்தமான் கடல் 1998, 2010, 2016 என்று மூன்று பெரிய வெளுப்புகளைப் பார்த்துவிட்டது. 2024 ஏப்ரலில் உலக அளவில் நான்காவது வெளுப்பு தொடங்கிவிட்டதாக விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். கடல் சூட்டைக் குறைக்க என்னாலோ அந்த மதுரைக்காரராலோ ஒரு நாளில் ஒன்றும் செய்ய முடியாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் காய்ச்சலில் கிடக்கிறவரை நாம் போய் மிதிக்காமல் இருக்கலாம் அல்லவா? வெளுத்த பவளம் உடனே செத்துவிடுவதில்லை, சூடு சீக்கிரம் குறைந்தால் பாசி திரும்பி வரும், தேறும். தேறுவதற்குத் தண்ணீர் தெளிவாக இருக்க வேண்டும், உடம்பில் புண் இருக்கக் கூடாது, வெளியே மேலே படர்கிற வேறு பாசியை மேய்ந்து இடத்தைச் சுத்தமாக வைத்திருக்க மீன்கள் இருக்க வேண்டும். பூங்காவின் விதிகள் எல்லாம் அந்தத் தேறுதலுக்கான விதிகள்.

பாதி வருஷம் மூடுவதும் அப்படித்தான். ஏறக்குறைய நவம்பர் முதல் மே நடுப்பகுதி வரை ஜாலி பாய், மற்ற மாதங்களில் ரெட் ஸ்கின் என்று மாற்றி மாற்றித் திறக்கிறார்கள், திங்கட்கிழமை விடுமுறை. நிலத்துக்குத் தரிசு விடுகிற மாதிரி. இதில் எரிச்சல் படுகிறவர்கள் தாய்லாந்தின் மாயா பே கதையைக் கேட்க வேண்டும், நம் ஊரிலிருந்தும் புக்கெட், கிராபி என்று ஆயிரக்கணக்கில் போகிறார்களே, அந்தப் பக்கம்தான். அதுவும் தேசியப் பூங்காதான், ஒரு நாளைக்கு ஐயாயிரம் பேர் வரை ஒரு சின்ன வளைகுடாவில் இறங்கினார்கள், படகுகள் பவளத்தின் மேலேயே நங்கூரம் போட்டன. 2018 ஜூனில் மூடினார்கள், திறந்தது 2022 ஜனவரியில். முழுசாக மூன்றரை வருஷம். மூடிய காலத்தில் கருந்துடுப்புச் சுறாக் குட்டிகள் கரையோரத்துக்குத் திரும்பி வந்தன, பவளத்தை ஒவ்வொன்றாக நட்டு வளர்த்தார்கள். இப்போது படகு வளைகுடாவுக்குள் வரக் கூடாது, ஒரு முறைக்கு இத்தனை பேர்தான், நீந்தவும் கட்டுப்பாடு. முதலிலேயே அளவோடு விட்டிருந்தால் மூன்றரை வருஷம் மூடியிருக்க வேண்டாம்.

அவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும், எங்கள் மன்னார் வளைகுடாவே இருக்கிறது. ராமேஸ்வரத்திலிருந்து தூத்துக்குடி வரை 21 தீவுகள், 1986-இல் அதையும் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். ஆனால் அறிவித்த பின்னும் கல் எடுப்பது நிற்கவில்லை. 2001-இல் பவளத்தை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலிக்குச் சமமாக, சேர்த்த பிறகுதான் மெல்லக் குறைந்தது. அதற்குள் விலங்குசல்லி, பூவரசன்பட்டி என்று ரெண்டு தீவுகள் தண்ணீருக்குள் போய்விட்டன. அலையைத் தடுத்த பாரைப் பெயர்த்துச் சுண்ணாம்பாக்கிவிட்டோம், அலை நேராகத் தீவில் வந்து அடித்தது. எங்கள் ஊருக்கு எதிரே வான் தீவு தேய்ந்துகொண்டே வந்ததைப் பார்த்துப் பயந்துதான் இப்போது சிமெண்டில் செயற்கைப் பார் செய்து கடலில் இறக்கினார்கள். வேலை நன்றாகவே நடக்கிறது, செய்கிறவர்களைப் பாராட்டுகிறேன். ஆனால் என் வீட்டுச் சுவரில் இருக்கிற கல் அங்கே இருந்திருந்தால் சிமெண்ட் எதற்கு என்று ஒவ்வொரு முறையும் தோன்றும். அந்தச் சுவரை இடித்துப் புதிதாகக் கட்டச் சொல்லி மகன் கேட்கிறான், நான் விடவில்லை.

அதனால் உங்களிடம் சில வேண்டுகோள்கள். அடுத்த முறை தீவுப் பயணம் பற்றி எழுதும்போது அங்கே என்ன கிடைக்கும் என்பதோடு அங்கே எப்படி நடந்துகொள்வது என்றும் ஒரு பெட்டிச் செய்தி போடுங்கள். சாப்பாட்டை எவர்சில்வர் டப்பாவில் கொண்டு போகச் சொல்லுங்கள். வெயிலுக்குப் பூசுகிற கிரீம்களில் ஆக்ஸிபென்சோன் என்ற ரசாயனம் இருக்கும், பவளத்துக்கு ஆகாது என்று பலாவ் நாடு 2020-இலும் ஹவாய் 2021-இலும் அதைத் தடை செய்துவிட்டன. கிரீமுக்குப் பதில் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு தண்ணீரில் இறங்கலாம், நான் அப்படித்தான் இறங்கினேன், தோல் உரியவில்லை. சங்கு, சிப்பி, செத்த பவளத் துண்டு எதையும் எடுத்து வர வேண்டாம், விமான நிலையத்திலும் துறைமுகத்திலும் பெட்டியைச் சோதிக்கிறார்கள், மாட்டினால் வழக்கு. நீச்சல் தெரியாதவர்கள், தண்ணீரைக் கண்டு பதறுகிறவர்கள் கண்ணாடிப் படகோடு நிறுத்திக்கொள்வது அவர்களுக்கும் நல்லது, பவளத்துக்கும் நல்லது. இங்கிருந்து குழு குழுவாகக் கூட்டிப் போகிறவர்கள் இதை எல்லாம் கிளம்பும் முன்பே தமிழில் அச்சடித்துக் கொடுக்கலாம், ஒரு தாள்தானே. அங்கே படகுகளை நடத்துகிறவர்கள் அறிவிப்பைத் தமிழிலும் சொல்ல வைத்தால் இன்னும் நல்லது, வங்காளியிலும் தெலுங்கிலும்கூடச் சொல்லலாம், அந்த மொழி பேசுகிற பணியாளர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள்.

திரும்பி வரும் படகில் அந்த ரப்பர் வளையத் தம்பிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். தமிழில் என்ன சொல்லலாம் என்று ரெண்டு பேருமாகப் பேசி, பேத்தியின் நோட்டில் ஒரு பக்கம் கிழித்து எழுதினோம். இது பாறை இல்லை, உயிர். காலை ஊன்றாதீர்கள், மல்லாந்து மிதங்கள், ஜாக்கெட் தாங்கும். கண்ணாடிக்குள் தண்ணீர் போனால் கையைத் தூக்குங்கள், நான் வருகிறேன். எதையும் தொடாதீர்கள், எடுக்காதீர்கள். அவ்வளவுதான் எழுதியது. மல்லாந்து மிதங்கள் என்பதை அவர்தான் சேர்க்கச் சொன்னார், பயப்படுகிறவர்களுக்கு முதலில் அதைத்தான் சொல்ல வேண்டும் சார் என்றார். தாளை நாலாக மடித்து, நனையாமல் இருக்கத் தன் சாப்பாட்டு டப்பாவுக்குள் வைத்துக்கொண்டார். போன மாதம் போன் செய்தபோது தினமும் வாசிப்பதாகச் சொன்னார்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்,
தூத்துக்குடி.